ஏழாம் மெஷின் சொன்ன சாட்சி

எட்டாம் மெஷின்காரிக்கு ஊசி ஒடிந்ததால்தான் ஏழாம் மெஷின்காரி அந்த ஊசி நோட்டைத் திறக்க நேர்ந்தது. இல்லாவிட்டால் அது அவள் கண்ணில் பட்டிருக்கவே பட்டிருக்காது.

"ஏ ஏழு, இந்த டேப்பைக் கொஞ்சம் பிடியேன். ஒடிஞ்ச ஊசியைப் பார்த்தாலே எனக்குக் கை நடுங்குது" என்றாள் எட்டாம் மெஷின்காரி. தையல் கூடத்தில் அவளுக்கு வாயாடி என்று பெயர்.

"காலையில இருந்து சாயந்திரம் வரைக்கும் ஊசியோடதானே குடும்பம் நடத்துறே?"

"அது உசிரோட இருக்கிற ஊசி. இது செத்த ஊசிடி."

ஏழாம் மெஷின்காரி சிரித்துக்கொண்டே நோட்டைப் பிரித்தாள். அந்தக் கம்பெனியில் தைப்பது கைக்குழந்தைகளின் உடுப்பு. அதனால் ஊசி விஷயத்தில் ஈவிரக்கமே கிடையாது. ஊசி ஒடிந்தால் மெஷினை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்க வேண்டும். ஒடிந்த துண்டுகளையெல்லாம் பொறுக்கி, இந்த நோட்டில் ஒட்டி, தேதியும் மெஷின் நம்பரும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்போதுதான் புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் அது கிடைக்கிறவரை அந்தக் கட்டுத் துணி அங்கிருந்து நகரக் கூடாது. போட்டுக்கொள்ளப் போவது, குத்துகிறது என்று வாய் திறந்து சொல்லத் தெரியாத உயிர் அல்லவா?

வாயாடியின் ஊசியை ஒட்டிவிட்டுக் கையை எடுக்கும்போது மேல் வரிசை கண்ணில் பட்டது. நேற்றைய தேதி. ஏழாம் மெஷின். அவளுடைய கையெழுத்து. இரண்டு துண்டுகள்.

அவள் டேப்பின் மேல் கட்டைவிரல் நகத்தால் வருடினாள். முனை வெடுக்கென்று நகத்தைப் பிடித்தது.

பனியன் துணிக்குப் போடும் ஊசியின் நுனி லேசாக உருண்டிருக்கும். அப்போதுதான் துணியின் இழை அறுபடாது. பத்து வருடமாக அவள் ஓட்டுகிற ஊசி அது. இந்த முனையோ கூர்மையாக இருந்தது. அடுத்த வரிசையில் கெட்டித் துணி தைக்கிறார்களே, அந்த மெஷின்களின் ஊசி.

அப்படியானால் தன் ஊசியின் முனை எங்கே?

நேற்று காலை நடந்தது இதுதான். இந்த மாதத்தில் அவளுக்கு ஒடிந்த மூன்றாவது ஊசி அது. முதல் இரண்டு முறையும் முனை கிடைக்காமல் இரண்டு கட்டுகள் மூலையில் முடங்கிப் போயின. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நீ மெஷினை விட்டு இறங்கி நூல் வெட்டப் போயிடு" என்று சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். நேற்று அவள் துணியை உதறினாள். காந்தத்தால் தரையைத் துழாவினாள். கிடைக்கவில்லை. கடைசியில் மெஷினுக்குப் பக்கத்திலேயே முழங்கால் போட்டுவிட்டாள்.

சோதனை மேஜையிலிருந்து ஸ்தோத்திர அக்கா ஓடி வந்து அவள் தலையில் கை வைத்தாள். மதிய இடைவேளை ஜெபக் கூட்டத்தை நடத்துகிறவள் அவள். தும்மினாலும் ஸ்தோத்திரம், மின்சாரம் போனாலும் ஸ்தோத்திரம். அக்கா உரக்க ஜெபித்தாள். சுற்றி நின்ற பெண்களெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார்கள். "ஆமென்" சொல்லிக் கண்ணைத் திறந்தால், மெஷின் காலடியில் மினுக்கென்று ஒரு முனை!

கூடமே கைதட்டியது. மதியம் அவள் எழுந்து நின்று கண்ணீரோடு சாட்சி சொன்னாள். "ஆண்டவர் ஊசி முனையைக்கூடக் கவனிக்கிறவர். நம்ம வேலையில அவர் பார்க்காத இடமே இல்ல." அதற்குள் கட்டு அவள் கையைவிட்டு நகர்ந்து, பொத்தான் வைத்து, மடித்து, பெட்டிக்குள் போய்விட்டிருந்தது.

ஒவ்வொரு கட்டையும் பிரிக்கும்போது அவள் ஒரு வரி ஜெபம் செய்வாள். இதைப் போடப்போற பிள்ளை நல்லா இருக்கணும் ஆண்டவரே. பத்து வருடமாக, ஒரு கட்டுகூட விடாமல். நேற்றைய கட்டுக்கும் அதைச் சொல்லித்தான் பிரித்திருந்தாள்.

நோட்டை மூடிவிட்டு அவள் நேராகக் கூடத்தின் பின்பக்கம் போனாள். அங்கே ஒரு தையல் மெஷினைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தான் மெக்கானிக். அவள் புருஷன். கல்யாணத்துக்கு முன்னால், அவளோடு பேசுவதற்காகவே ஏழாம் மெஷினின் திருகை வேண்டுமென்றே தளர்த்தி வைத்துவிட்டுப் போவான் என்று இன்றைக்கும் கூடத்தில் கேலி உண்டு. நோட்டு நிறைந்ததும் உரித்தெடுத்த ஒடிந்த ஊசிகள், பழைய ஊசிகள் எல்லாம் போடுகிற தகர டப்பா அவன் பொறுப்பில்தான் இருந்தது.

"என்ன, மெஷின் மக்கர் பண்ணுதா? இல்ல, என் மூஞ்சியைப் பார்க்க வந்தியா?"

"அது என் ஊசி இல்லங்க."

திருப்புளி நின்றது.

"நேத்து ஜெபத்துல நாங்க எல்லாரும் கண்ணை மூடினோம். பக்கத்துல நின்ன நீங்க மட்டும் மூடல."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "மெதுவாப் பேசு."

"சொல்லுங்க. நீங்கதானே வெச்சீங்க?"

"நீ எல்லார் முன்னாலயும் முட்டி போட்டு அழுதே. என்னால பார்க்க முடியல." அவன் கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். கை சுத்தமான பிறகும் துடைத்தான். "அந்த முனை தரையில எங்கயாவது விழுந்து, குப்பையோட போயிருக்கும்னு நினைச்சேன்."

"நினைச்சீங்களா, தெரியுமா?"

அவன் திருப்புளியை மறுபடி கையில் எடுத்தான்.

"மத்தியானம் நான் சாட்சி சொல்றப்போ, பின்னால நின்னு ஆமென் சொன்னீங்களே!"

"அப்போ வேற என்ன சொல்லச் சொல்றே? நடுவுல எழுந்து, அது ஆண்டவர் இல்ல, நான்னு சொல்லவா?" "தப்புதான். ஒத்துக்கிறேன். ஆனா இப்போ சொன்னா ரெண்டு பேர் வேலையும் போகும். நாலு மணிக்கு லாரி வந்திடும். அதுக்கப்புறம் இது யாருக்கும் தெரியாது."

"போட்டுக்கிற பிள்ளைக்குத் தெரியும்ங்க."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் கழிவறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். ஜெபம் செய்யத்தான் போனாள். என்னவென்று கேட்பது? இன்னொரு அதிசயம் கேட்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. தான் சொல்லாமலேயே முனை எங்காவது காணாமல் போய்விட வேண்டும், புருஷன் வேலையும் நிலைக்க வேண்டும், மனசும் உறுத்தக் கூடாது. நெஞ்சுக்குள் அந்த ஆசைதான் ஜெபம் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு நிற்கிறது என்று தெரிந்ததும், குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மதிய இடைவேளையில் ஸ்தோத்திர அக்காவைத் தனியாகக் கூப்பிட்டாள். புருஷன் பெயரை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சொன்னாள்.

அக்கா காதில் வாங்கவேயில்லை. "சாத்தான் உன்னைக் குழப்புறான்டி. அதிசயம் நடந்தா மறுநாளே சந்தேகத்தை விதைப்பான். நீ இடம் குடுக்காதே."

"அக்கா, நுனி கூர்மையா இருக்குக்கா. நகத்தால தடவிப் பார்த்தேன்."

"ஆண்டவர் குடுத்ததை நகத்தால சோதிப்பியா? நேத்து உன் சாட்சியைக் கேட்டு மூணு பேர் அழுதாங்க. பேக்கிங்ல அந்தப் பெரியவர், இத்தனை வருஷம் ஜெபத்துக்கே வராதவர், நேத்து வந்து உட்கார்ந்தார். அவர் முகத்துல எப்படி முழிப்பே?"

அதுதான் அவளையும் அறுத்தது. சாட்சி பொய் என்று சொன்னால் பொய்யாவது தன் வாய் மட்டுமா? அந்தப் பெரியவர் நாளைக்கு வருவாரா? ஆனால் ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஒரு தாய், குளித்த பிள்ளைக்கு அந்த உடுப்பைத் தலைவழியாக மாட்டுவாள். ஏழாம் மெஷினில் அவள் தைப்பது கழுத்துப் பட்டி. முனை துணியில் இருந்தால் கழுத்தில்தான் இருக்கும்.

அவள் நேராக மேனேஜர் அறைக்குள் போனாள்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. களைத்தவர். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு லாரிக்காரனிடம் பேசிக்கொண்டிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டுப் போனைக் கீழே வைத்தார்.

"என்னம்மா விளையாடுறியா? நேத்து கிடைச்சிருச்சுன்னு நீங்க தட்டின தட்டுல இந்தக் கண்ணாடியே அதிர்ந்துச்சு."

"நேத்து நான் சொன்னது தப்பான சாட்சி சார். தெரியாம சொன்னேன். இப்போ தெரியுது."

"பெட்டியெல்லாம் ஒட்டியாச்சு. பொத்தான் வெச்சாச்சு. இரும்பு தேடுற இந்தக் கை டிடெக்டரை வெச்சுப் பார்த்தா இரும்புப் பொத்தானுக்கெல்லாம் கத்தும். அதுக்குத்தானே அந்த நோட்டு? நோட்டை நம்பித்தானே கட்டை விடுறோம்?" அவர் எழுந்துவிட்டார். "சரி, அந்த முனையை அங்க கொண்டு வந்து வெச்சது யாரு?"

அவள் தரையைப் பார்த்தாள். குழந்தைக்காகப் பேச வந்துவிட்டாள். புருஷனைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை. உண்மையில் பாதியைச் சொல்லிவிட்டுப் பாதியை விழுங்கினால், அதுவும் நேற்றைய சாட்சி மாதிரிதான். தெரிந்தும் நாக்கு அசையவில்லை.

"நான்தான் சார்."

கதவருகே மெக்கானிக் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்றே தெரியவில்லை. அவளைப் பார்க்காமல் மேனேஜரையே பார்த்தான். "அவளுக்குத் தெரியாது. இன்னிக்குக் காலையிலதான் கண்டுபிடிச்சா. கண்டுபிடிச்சதும் வந்து சொல்லிட்டா."

மேனேஜர் நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்தக் கட்டு இருந்த பெட்டியை எடுத்துவரச் சொன்னார்.

மஞ்சள் உடுப்புகள். மேஜையில் கொட்டினார்கள். அவள் ஒவ்வொன்றாக எடுத்து, கழுத்துப் பட்டியை இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவில் வைத்து, மடக்கி, நீவி, அங்குலம் அங்குலமாக நகர்த்தினாள். எதிரே வாயாடி உட்கார்ந்து, அவள் பார்த்ததை இரண்டாம் தடவை பார்த்தாள். அவ்வளவு நேரமும் வாயாடி வாயே திறக்கவில்லை. கூடத்தில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. முதல் உடுப்பு, ஐந்தாவது, பதினாறாவது. ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டும் என்றும் இருக்கக் கூடாது என்றும் மனசு ஒரே மூச்சில் கெஞ்சியது. கடைசி உடுப்பையும் நீவிக் கீழே வைத்தாள்.

இல்லை.

"எங்கம்மா உன் ஊசி?" என்றார் சூப்பர்வைசர். "ஒரு மணி நேரமா வேலையைக் கெடுத்ததுதான் மிச்சம்."

"முப்பத்தொன்பதுதான் இருக்கு" என்றாள் வாயாடி திடீரென்று. "கட்டுக்கு நாற்பது. ஒண்ணு எங்க?"

பேக்கிங் பெரியவர் பட்டியலைப் பார்த்தார். "ஒண்ணுல எண்ணெய்க் கறை. சோதனை மேஜையிலேயே கழிச்சுட்டாங்க."

கறை பட்ட உடுப்பு ஏற்றுமதிக்குப் போகாது. வேலை செய்கிறவர்களில் கேட்கிறவருக்குக் கொடுத்துவிடுவது வழக்கம். எல்லோரும் சோதனை மேஜையைப் பார்த்தார்கள்.

ஸ்தோத்திர அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"நான்தான் எடுத்துக்கிட்டேன்" என்றாள். "தங்கச்சி பிள்ளைக்கு. பிறந்து இருபது நாள்தான். அதிசயம் நடந்த கட்டுல இருந்து ஒண்ணு... பிள்ளைக்கு ஆசீர்வாதமா இருக்கும்னு..." சட்டென்று போனைத் தேடினாள். "இன்னிக்குக் குளிப்பாட்டி அதைத்தான் போடச் சொன்னேன். நானேதான் சொன்னேன்!"

போன் அடிக்கவில்லை. பிள்ளை தூங்கும்போது தங்கச்சி அதை அணைத்து வைத்துவிடுவாளாம்.

மேனேஜர் மெக்கானிக்கிடம் திரும்பினார். "வண்டி இருக்கில்ல? ஓடு. போயிட்டு... நீ திரும்பி உள்ள வர வேண்டாம்."

அவன் தலையை ஆட்டினான். அவளுக்கு அந்த வீடு தெரியும், ஜெபத்துக்குப் போயிருக்கிறாள். அவனுக்கு முன்னால் அவள் வாசலுக்கு ஓடினாள்.

முதல் திருப்பத்திலேயே சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பெரிய பெரிய குழாய்கள் குறுக்கே கிடந்தன. பின்னால் பஸ், முன்னால் சிமெண்ட் லாரி. அவன் வண்டியை நடைபாதையில் ஏற்றினான். யாரோ திட்டினார்கள்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா" என்றான்.

"பேசாதீங்க. ஓட்டுங்க."

அவன் ஓட்டினான். அவள் அவன் சட்டையை முதுகுப் பக்கம் கசங்கப் பிடித்துக்கொண்டாள். கைக்குழந்தை தலையைத் திருப்பும். திருப்பத் திருப்பப் பட்டி நகரும். பட்டி நகர நகர... அதற்கு மேல் நினைக்க முடியாமல் நெற்றியை அவன் முதுகில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினாள். மூன்றாம் மாடி. கதவைத் தட்டினாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. இந்த அமைதியைப் போல அவளைப் பயமுறுத்தியது அதுவரை எதுவும் இல்லை. மறுபடி, இரண்டு கையாலும் தட்டினாள்.

கதவு திறந்தது. தங்கச்சி வாயில் விரலை வைத்தாள். "ஷ்ஷ், மெதுவா. இப்பதான் தூங்கினான். குளிச்சதுல இருந்து ஒரே கத்தல். எடுத்தாலும் கத்துறான், படுக்கப் போட்டாலும் கத்துறான்..."

அவள் செருப்போடு உள்ளே போனாள். கட்டிலில் மஞ்சள் உடுப்புப் போட்ட பிள்ளை, அழுது களைத்த முகத்தோடு தூங்கிக்கொண்டிருந்தது. அவள் அதை எழுப்பித் தூக்கவில்லை. தோள் பொத்தான்களைச் சத்தமில்லாமல் கழற்றினாள். தன் ஆள்காட்டி விரலைத் துணிக்கும் அந்த மெல்லிய தோலுக்கும் நடுவில் நுழைத்தாள். இனிக் குத்துவதென்றால் தன் விரலில் குத்தட்டும் என்று கழுத்தைச் சுற்றி மெல்ல நகர்த்தினாள்.

பிடரிக்குக் கீழே வந்ததும் குத்தியது.

உடுப்பை விலக்கிப் பார்த்தாள். அங்கே மூன்று சிவந்த கோடுகள். ஒன்றில் பொட்டு ரத்தம் காய்ந்திருந்தது. அவ்வளவுதான். அதற்கு மேல் ஆழம் இல்லை.

"அதுவா?" என்றாள் தங்கச்சி. "நானும் பார்த்தேன். அவன் நகம்தான் பட்டிருக்கும்னு நினைச்சு இப்பதான் நகம் வெட்டிவிட்டேன். ஏன், என்ன?"

அவள் உடுப்பை உருவியெடுத்து, பட்டியின் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். உள்ளங்கையில் விழுந்தது அரிசியில் பாதிகூட இல்லாத ஓர் இரும்புத் துணுக்கு. பிள்ளை விழித்துக்கொண்டு வீறிட்டது. அவள் கட்டில் ஓரமாகத் தரையில் சரிந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கதவருகே நின்ற மெக்கானிக் உள்ளே வரவில்லை. வரத் தைரியமில்லாதவன் போல நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அக்கா பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது மூச்சு விட முடியவில்லை. தங்கச்சியின் தோளில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள், தரையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள்.

"கிடைச்சுதா?"

அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

"ஸ்தோ..." என்று பழக்கத்தில் ஆரம்பித்த அக்கா, பாதியிலேயே நிறுத்திவிட்டாள். பிள்ளையை வாங்கி, அந்தச் சிவந்த கோடுகளின் மேல் முகத்தை வைத்துக்கொண்டாள். "நகத்தால நானும் தடவிப் பார்த்திருக்கணும்டி" என்றாள்.

திரும்பும் வழியெல்லாம் அவள் முனையைக் கைக்குட்டையில் சுற்றி, கையை மூடியே வைத்திருந்தாள். கம்பெனி வாசலில் காவல்காரர் சங்கடத்தோடு மெக்கானிக்கின் குறுக்கே கை நீட்டினார். "உன்னை விடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கப்பா."

"தெரியும்ணே" என்றான் அவன். வண்டியை மதில் ஓரமாக நிறுத்திவிட்டு நின்றான்.

அவள் தனியாக உள்ளே போனாள். நோட்டைப் பிரித்து, நேற்றைய வரிசைக்குக் கீழே அந்த முனையை ஒட்டினாள். அதன் ஒடிந்த வாய், மேலே இருந்த துண்டோடு கச்சிதமாகப் பொருந்தியது. பக்கத்தில் எழுதினாள்: நேற்று ஒட்டிய முனை இந்த ஊசியுடையது அல்ல. இதுதான். கையெழுத்துப் போட்டாள். சூப்பர்வைசர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு, "நாளையில இருந்து நூல் வெட்டுற மேஜைக்குப் போ. இன்னிக்கு இருக்கிற கட்டை முடிச்சிடு" என்றார்.

நேற்று மதியம் ஜெபத்துக்கு வந்த அந்தப் பேக்கிங் பெரியவர் அவளைக் கடந்து போனார். அவள் முகத்தைத் தாழ்த்திக்கொண்டாள். அவர் நின்றார். விரிந்து கிடந்த நோட்டைப் பார்த்தார். பிறகு பேக்கிங் பக்கம் போய்விட்டார். நாளை வருவாரா, மாட்டாரா, அவளுக்குத் தெரியாது.

ஏழாம் மெஷினில் உட்கார்ந்து கட்டைப் பிரித்தாள். இதைப் போடப்போற பிள்ளை நல்லா இருக்கணும் ஆண்டவரே. அந்த ஒரு வரியைச் சொல்லும்போது எப்போதும் கண்ணை மூடுவாள். இன்றைக்கு மூடவில்லை. கண் ஊசியிலேயே இருந்தது.

மணி அடித்து வெளியே வந்தபோது அவன் அதே மதிலோரத்தில் நின்றிருந்தான். பாதி நாளில் பத்து வயது கூடியவன் போல இருந்தான்.

"உன்னையும் எடுத்துட்டாங்களா?"

"இல்ல. நூல் வெட்டணும்."

அவன் சாவியை விரலில் சுற்றினான். "கோபமா இருக்கியா?"

"இருக்கேன். நாளைக்கும் இருப்பேன்" என்றாள். பின்னால் ஏறி உட்கார்ந்து, தான் பிடித்துக் கசக்கியிருந்த அவன் சட்டையை நீவிவிட்டு, அதே இடத்தில் பிடித்துக்கொண்டாள். "வண்டியை எடுங்க. அந்தப் பிள்ளையை ஒரு தடவை பார்த்துட்டு வீட்டுக்குப் போகலாம்."